தலைச்சாயம் தகராறு செய்தால்: எது வீட்டில் தீரும், எதற்குப் பார்லர், எதற்கு மருத்துவர்

பாளையங்கோட்டையில் பார்லர் வைத்திருக்கிறேன். 15 ஆண்டுகள் ஆகின்றன. தலைக்குச் சாயம் பூச வந்தவர்களைவிட, வீட்டில் பூசிய சாயத்தைச் சரிசெய்ய வந்தவர்களே அதிகம் என்று தோன்றுகிறது. முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, "அக்கா, திட்டாதீர்கள்" என்று சொல்லிக்கொண்டே படியேறுவார்கள். திட்டாமல் இருந்ததில்லை.

வருகிற கோளாறுகள் ஒன்பதுக்குள் அடங்கிவிடும். உங்கள் தலையில் தெரிகிற அடையாளத்தைத் தேடி, அந்தத் தலைப்பை மட்டும் படித்தால் போதும். காசு செலவில்லாத காரணம் முதலில் வரும். கைக்காசு கரைகிற காரணம் கடைசியில் வரும்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது. நரையைக் கறுப்பாகவோ அடர்பழுப்பாகவோ மாற்றுவது வீட்டிலேயே ஆகும். ஏறிவிட்ட கறுப்பை இறக்குவது வீட்டில் ஆகாது. தோலில் ஏதாவது வந்துவிட்டால் அது என்னாலும் ஆகாது. ஆகவே தோலிலிருந்தே தொடங்குகிறேன்.

## அரிக்கிறது, எரிகிறது, வீங்குகிறது

பூசிக்கொண்டிருக்கும்போதே சுரீரென்று எரிகிறதா? கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். உடனே ஏராளமான தண்ணீரில் அலசுங்கள். சாதாரணக் காரணம், அன்று காலையில்தான் நகத்தால் தலையைப் பறண்டி ஷாம்பு தேய்த்திருப்பீர்கள். அல்லது சீப்புக் கீறல், பொடுகுப் புண், பேன் கடித்த இடம் இருக்கும். புண் ஆறும்வரை சாயம் கிடையாது. அடுத்த முறை முந்தைய நாளே தலையைக் கழுவி வையுங்கள்.

அன்று ஒன்றும் இல்லை, மறுநாளோ மூன்றாம் நாளோ காதோரமும் நெற்றியும் அரித்து, கண்ணிமை தடித்ததா? இது ஒவ்வாமை. பெரும்பாலும் குற்றவாளி பாராபினைலீன்டயமின், சுருக்கமாகப் பி.பி.டி. கறுப்புச் சாயங்கள் பெரும்பாலானவற்றில் இருப்பது இதுதான். "10 வருஷமாக இதே பாக்கெட்தானே போடுகிறேன்" என்று எல்லோரும் கேட்பார்கள். 10 வருஷம் பொறுத்துக்கொண்ட தோல் 11-ஆவது வருஷம் பொறுக்காமல் போவதுதான் இந்த ஒவ்வாமையின் வழக்கம். ஒருமுறை வந்துவிட்டால் கம்பெனியை மாற்றிப் பயனில்லை. அம்மோனியா இல்லாதது என்று எழுதியிருப்பதை வாங்கியும் பயனில்லை. அம்மோனியா வேறு, பி.பி.டி. வேறு. மூலிகை என்றும் கறுப்பு மருதாணி என்றும் விற்கிற பொடிகளிலும் பி.பி.டி. இருப்பதுண்டு. கையில் கறுப்பு மருதாணிக் கோன் வைத்து எப்போதாவது கொப்பளம் வந்திருந்தால், நீங்கள் தலைச்சாயத்தின் பக்கமே வராதீர்கள்.

சோதிப்பதற்கு 48 மணி நேரம் தேவை. முழங்கை மடிப்பில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பூசி, பாக்கெட்டுக்குள் இருக்கிற தாளில் சொன்னபடி விட்டு, இரண்டு நாள் கவனிக்க வேண்டும். சிவப்போ தடிப்போ நமைச்சலோ வந்தால் அந்தப் பாக்கெட் குப்பைக்கு. அந்தத் தாளை யாரும் படிப்பதில்லை. கையுறையைச் சுற்றியிருக்கும் காகிதம் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

யாரிடம் போவது? தடிப்பு, நீர்க்கசிவு என்றால் தோல் மருத்துவரிடம்; போகும்போது பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போங்கள். முகம் வீங்கினாலோ, குரல் மாறினாலோ, மூச்சு முட்டினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். நெல்லையைச் சுற்றி இருப்பவர்களுக்கு ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனை இருக்கிறது. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் சாயப் பாட்டிலைக் குளியலறை ஜன்னலில் வைக்காதீர்கள். வயிற்றுக்குள் போனால் தொண்டையும் கழுத்தும் வீங்கி மூச்சை அடைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கிற வேலையெல்லாம் வேண்டாம். நேரே மருத்துவமனைதான்.

## நரை அப்படியே நிற்கிறது, அல்லது திட்டுத்திட்டாக ஏறியிருக்கிறது

என்னிடம் வருகிற பத்துத் தலையில் ஆறு இந்தத் தலைதான்.

முதலில் எண்ணெய். எண்ணெய் வைக்காத தலையை எங்கள் ஊரில் துக்க வீட்டில்தான் பார்க்கலாம். முக்கூடலிலிருந்து ஒரு மதினி வந்தார்கள். இரண்டு பாக்கெட் பூசியும் வகிட்டோரம் வெள்ளை வெளேரென்று நிற்கிறது, கடைக்காரர் போலிச் சரக்கைக் கொடுத்துவிட்டார் என்று ஒரே புகார். நான் ஒன்றும் பேசவில்லை. தினசரித்தாளில் ஒரு துண்டு கிழித்து வகிட்டில் வைத்து அழுத்தி எடுத்தேன். வாழைக்காய் பஜ்ஜி வைத்த காகிதம் மாதிரி இருந்தது. "சீயக்காய் தேய்த்துத்தானே குளித்தேன்" என்றார்கள். ஒருமுறை தேய்த்த சீயக்காய் பல நாள் எண்ணெய்ப் பிசுக்கை முழுதாக எடுக்காது. பிசுக்கின் மேல் பூசிய சாயம் முடிக்குள் போகாமல் தண்ணீரோடு வந்துவிடும்.

நீங்களும் அந்தக் காகிதச் சோதனையைச் செய்யுங்கள். கறை பட்டால், முந்தைய நாள் ஷாம்பு இரண்டு தடவை போட்டு அலசி, கண்டிஷனர் போடாமல் காயவிட்டு, மறுநாள் சாயம் பூசுங்கள். எண்ணெய் வேண்டுமென்றால் நெற்றி ஓரத்திலும் காது மடலிலும் தடவிக்கொள்ளுங்கள். அங்கே கறை பிடிக்காமல் காப்பது அதன் வேலை.

எண்ணெய் இல்லையா? அளவைப் பாருங்கள். சிறிய பாக்கெட் ஒன்று ஆண்களின் கிராப்புக்கே சரியாக இருக்கும். இடுப்புவரை தொங்குகிற சடைக்கு அதே ஒன்றை வாங்கி, போதாததற்குத் தண்ணீர் விட்டு நீட்டுகிறார்கள். நீர்மோருக்குச் சரி, சாயத்துக்குச் சரிவராது. முடி முழுவதும் நனைந்து, பிரஷை எடுத்த பிறகும் மேலே ஒரு படலம் தெரிய வேண்டும்.

அளவும் சரியா? நேரத்தைப் பாருங்கள். முதல் பிரஷ் வைத்த நேரத்திலிருந்து எண்ணக் கூடாது. கடைசிப் பிரஷ் வைத்த பிறகுதான் கணக்கு தொடங்குகிறது. பெரும்பாலான சாயங்களுக்கு 30 நிமிடம் முதல் 45 நிமிடம் வரை. சரியான எண் அந்தத் தாளில் இருக்கும். நரை எங்கே அதிகமோ அங்கே முதலில் பூசத் தொடங்குங்கள். நெற்றிப்பொட்டிலும் வகிட்டு முகப்பிலும் உள்ள நரை கம்பி மாதிரி இருக்கும். சாயத்தை எளிதில் வாங்காது. நம்மவர்களோ கைக்கு எட்டுகிறது என்று நுனியில் தொடங்கி, கை வலித்த பிறகு நெற்றிக்கு வருகிறார்கள்.

கலந்து வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனீர்களா? கலந்த நிமிடத்திலிருந்தே சாயம் காற்றுப்பட்டுக் கறுக்கத் தொடங்கிவிடும். அடுப்பில் பால் வைத்தேன், கேஸ்காரர் வந்தார் என்று அரை மணி நேரம் கழித்துப் பூசினால் பாதி வலுதான் மிச்சம். மீந்ததை மூடி போட்டு ஃபிரிட்ஜில் வைத்து அடுத்த வாரம் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். அது நிறம் தராது என்பது ஒரு புறம் இருக்கட்டும். உள்ளே வாயு சேர்ந்து டப்பா வெடிக்கவும் கூடும். எவர்சில்வர் கிண்ணமும் வேண்டாம். பழைய பிளாஸ்டிக் கிண்ணமோ கண்ணாடிக் கிண்ணமோ போதும்.

பின்பக்கம் மட்டும் திட்டாக இருந்தால் காரணம் கை எட்டாததுதான். தலையை நான்காக வகிர்ந்து, ஒவ்வொரு கட்டிலும் அரை அங்குலம் அரை அங்குலமாகப் பிரித்துப் பூச வேண்டும். மகளையோ மருமகளையோ கூப்பிடுங்கள். பிடரியை அவர்கள் பார்ப்பதற்கும் கண்ணாடியில் நீங்கள் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

எல்லாம் சரியாகச் செய்தும் நெற்றிப்பொட்டு வெள்ளை போகவில்லை என்றால் பார்லருக்கு வாருங்கள். வீட்டுப் பாக்கெட்டில், சாயத்தோடு கலக்கிற டெவலப்பரின் வலு ஒன்றுதான். எங்களிடம் 3, 6, 9, 12 சதவீதம் என்று ஹைட்ரஜன் பெராக்சைடு தனித்தனியாக இருக்கும். பிடிவாத நரைக்கு 6 சதவீதத்தை எடுத்து, இயற்கை நிறத்தை அடித்தளமாகக் கலந்து, அந்த இடத்தில் மட்டும் அழுத்திப் பூசுவோம். முழுத் தலைக்குக் கேட்காமல் நரைப் பகுதிக்கு மட்டும் கேளுங்கள். செலவு குறையும்.

## வேர் ஒரு நிறம், நுனி ஒரு நிறம்

ஜன்னல் அருகே நின்று ஒரு கற்றையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்.

வேர் சாதாரணமாக, நுனி மட்டும் தார் மாதிரி இருக்கிறதா? ஒவ்வொரு முறையும் முழு நீளத்துக்கும் பூசியிருக்கிறீர்கள். முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளரும். 6 வாரம் கழித்துப் பூசினால் வேரில் ஒன்றரை செ.மீ. மட்டுமே வேலை. மீதி முடியில் பழைய சாயம் இருக்கவே இருக்கிறது. அதன் மேல் மேலும் மேலும் ஏற்றினால் நுனி கறுத்து, முரடாகி, உயிரற்றுப் போகும். இனிமேல் வேருக்கு மட்டும் பூசுங்கள். அலசுவதற்கு 5 நிமிடம் முன்பு கொஞ்சம் தண்ணீர் தொட்டு, வேரில் உள்ளதையே நுனிவரை இழுத்துவிட்டால் நிறம் சேர்ந்துகொள்ளும். நுனியில் ஏற்கெனவே ஏறிய கறுப்புக்குக் கத்தரிக்கோலைவிட மலிவான வழி இல்லை.

வேர் பளிச்சென்று செம்பழுப்பாகவும் கீழே இருட்டாகவும் இருக்கிறதா? உங்கள் இயல்பு நிறத்தைவிட வெளிறிய நிறத்தை வாங்கி, வேரிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். தலையின் சூட்டில் வேரோரம் சாயம் வேகமாக வேலை செய்யும். வெளிறச் செய்யும்போது வேருக்குக் கடைசியில்தான் பூச வேண்டும். இப்போதைக்கு, இயல்பு நிறத்துக்கு நெருங்கிய அடர்பழுப்பை வேருக்கு மட்டும் பூசினால் அடங்கிவிடும்.

இரண்டு மூன்று பட்டைகளாக, வரிக்குதிரை போலத் தெரிகிறதா? வீட்டில் கை வைக்காதீர்கள். ஒவ்வொரு பட்டைக்கும் தனிக் கலவை தேவைப்படும்.

## அண்டங்காக்கைக் கறுப்பாகிவிட்டது

கடையில் கேட்கும்போதே "கறுப்பு டை ஒன்று" என்று கேட்டிருப்பீர்கள். அதுதான் காரணம்; வேறு தேட வேண்டாம். நம் முடி நாம் நினைக்கிற அளவுக்குக் கறுப்பு இல்லை. பட்டப்பகலில் பிடரி முடியைப் பாருங்கள், அடர்பழுப்பு ஓடும். சாய அட்டைகளில் 1 என்பது கறுப்பு. எண் ஏற ஏற நிறம் வெளிறும். 3 அடர்பழுப்பு, 4 நடுத்தரப் பழுப்பு. ஐம்பது தாண்டிய முகத்துக்கு 3-ஐத் தாண்டி 1-க்குப் போகாதீர்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தொழில் பழகிய புதிதில் என் அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு ஆசையாக 1-ஆம் எண்ணைப் பூசிவிட்டேன். ஆல்பம் முழுக்க அம்மா கறுப்புத் தொப்பி போட்டதுபோல உட்கார்ந்திருக்கிறார்கள், நெற்றியோரம் கோடு கிழித்த மாதிரி. பார்க்கிற ஆச்சிகள் எல்லாம் "இது என்ன, சவுரியா?" என்று கேட்டார்கள்.

பூசி இரண்டு மூன்று நாள்தான் ஆகிறதா? பொடுகு ஷாம்புவோ, ஆழமாகச் சுத்தம் செய்யும் ஷாம்புவோ வாங்கி, இளஞ்சூட்டு எண்ணெய் தேய்த்து ஊறவிட்டு இரண்டு தடவை அலசுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் இப்படி மூன்று நான்கு முறை. கறுப்பு பழுப்பாகிவிடாது; அந்த நீலம் பாரித்த வெறிப்பு தணியும். மூன்று வாரத்தில் கண்ணும் பழகிவிடும்.

மேலே பழுப்புச் சாயம் பூசினால்? ஒன்றும் ஆகாது. சாயம் சாயத்தை இறக்காது. கரும்பலகையில் பழுப்புச் சாக்கட்டியால் எழுதலாம், தலையில் நடக்காது. வேரில் புதிதாக வளர்ந்த முடி மட்டும் பழுப்பாகி, மேலே நான் சொன்ன வரிக்குதிரையாக ஆகிவிடுவீர்கள்.

வீட்டில் பிளீச் செய்தால்? வேண்டாம். முகத்துக்கு வாங்கிய பிளீச் கிரீமைத் தலைக்குப் போட்டுவிட்டு வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். கறுப்பு போய்ச் செங்கல் நிறம் வரும். முடியும் அதோடு போகும்.

பார்லர் எப்போது? அந்தக் கறுப்போடு இருக்கவே முடியாது என்றால். சாயம் நீக்கும் கலவை போட்டு, தேவைப்பட்டால் இரண்டு மூன்று அமர்வுகளாக இறக்குவார்கள். பாக்கெட்டுக்கு ஆன செலவு ஒரு காபி டிபன் என்றால், இதற்கு ஒரு பட்டுச்சேலையின் முந்தானைச் செலவாவது ஆகும். எந்த பார்லரானாலும் நாற்காலியில் உட்காரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த எண், எத்தனை சதவீத டெவலப்பர், ஒரு கற்றையில் சோதித்துக் காட்டுவீர்களா? மூன்றாவது கேள்விக்கு முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். பலகையும் கண்ணாடியும் பளபளப்பாக இருப்பதால் கை தேர்ந்த கை ஆகிவிடாது.

## செம்பட்டையாக, ஆரஞ்சாகத் தெரிகிறது

மருதாணி மட்டும் போட்டீர்களா? அப்படியானால் கோளாறே இல்லை. மருதாணியின் நிறமே அதுதான். வெள்ளை முடியில் ஆரஞ்சு வரும், கறுப்பு முடியில் தெரியவே தெரியாது. தேயிலைத் தண்ணீர், பீட்ரூட், இரும்புச் சட்டி என்று எதைச் சேர்த்தாலும் நரை கறுப்பாகாது. கறுப்பு வேண்டுமென்றால் மருதாணியை அலசிய பிறகு அதன் மேல் அவுரி பூச வேண்டும்.

மருதாணிக்குப் பிறகு அவுரியும் போட்டேன், கறுக்கவில்லை என்கிறீர்களா? இது எங்கள் சீமைக்கே உரிய கோளாறு. நீலச்சாயம் தருகிற அவுரி ஒரு செடி. தென் மாவட்டக் கரிசல் காட்டில் பயிராகி, பேதி மருந்துக்காகக் கப்பலேறும் நிலாவாரை வேறொரு செடி. உலகச் சந்தையில் அதற்கு 'டின்னவெலி சென்னா' என்று நம் ஊர்ப் பெயரே இருக்கிறது. அதையும் இந்தப் பக்கத்தில் அவுரி என்றே சொல்வார்கள். நாட்டு மருந்துக் கடையில் "அவுரி இலைப் பொடி" என்று கேட்டால், உங்கள் ஜாதகப்படி இரண்டில் ஒன்று கிடைக்கும். நிலாவாரையைத் தலையில் அப்பி இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் கறுப்பு வராது.

சோதனை எளிது. ஒரு சிட்டிகைப் பொடியை இளஞ்சூட்டுத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் துணியில் தடவி வையுங்கள். 15 நிமிடத்தில் பசையின் மேற்பரப்பும் ஓரமும் நீலம் பாரித்தால் சாய அவுரி. பச்சையும் மஞ்சளுமாகவே நின்றால் நிலாவாரை. அதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், மலச்சிக்கலுக்கு வைத்தியர் சொன்னால் உதவும். கடையில் "நீலி அவுரி, தலைக்குப் போடுவது" என்று விளக்கிக் கேளுங்கள்.

சரியான அவுரிதான் என்றால், அடுத்து பக்குவத்தைப் பாருங்கள். மருதாணியை ஊறவைப்பதுபோல இரவு முழுக்க ஊறவைத்தால் அவுரி செத்துப்போகும். குழைத்த 15, 20 நிமிடத்தில் தலைக்குப் போய்விட வேண்டும். எலுமிச்சைச் சாறும் தயிரும் சேர்க்கக் கூடாது. ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து வெறும் தண்ணீரில் அலசுங்கள். இரண்டு நாளைக்கு ஷாம்பு வேண்டாம். அலசியவுடன் லேசாகப் பச்சை ஓடும், பயந்துவிடாதீர்கள். மறுநாளும் அதற்கு மறுநாளும் நிறம் ஆழ்ந்துகொண்டே போகும். மருதாணி போடாமல் நேரே நரையில் அவுரி போட்டிருந்தால் மட்டும் அந்தப் பச்சையும் நீலமும் போகாது; மருதாணி போட்டு, அதன் மேல் மறுபடி அவுரி போட்டால் சரியாகும்.

கறுப்புச் சாயம் ஒரு மாதத்தில் செம்பட்டையானதா? அது வெளுப்பு. அடுத்த தலைப்பைப் பாருங்கள்.

பிளீச் செய்த பிறகு ஆரஞ்சா? கறுப்பு முடியை வெளுத்தால் முதலில் சிவப்பு, பிறகு ஆரஞ்சு, அதன் பிறகே மஞ்சள். பாதி வழியில் நிறுத்தியிருக்கிறீர்கள். மிச்ச வழியை வீட்டில் நடக்க வேண்டாம்; ஆரஞ்சைத் தணிக்கிற, நீலம் கலந்த டோனரை வைத்துப் பார்லரில் அடக்குவார்கள்.

## பத்தே நாளில் வெளுத்துவிடுகிறது

தண்ணீர். தாமிரபரணித் தண்ணீர் வருகிற வீட்டுக்கும் ஆழ்குழாய் உப்புத் தண்ணீர் வருகிற வீட்டுக்கும் சாயம் நிற்கிற கணக்கே வேறு. ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்திலிருந்து வருகிற தலையைத் தொட்டவுடனே தெரிந்துவிடும். முடியின் மேல் மாவு படிந்ததுபோல் ஒரு சொரசொரப்பு. பாட்டிலில் பாதித் தண்ணீர் எடுத்து, குளியல் சோப்பைக் கொஞ்சம் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை பொங்காமல் தண்ணீர் கலங்கி, பாலாடை மாதிரி மிதந்தால் கடினத் தண்ணீர். பக்கெட் பக்கெட்டாக நல்ல தண்ணீர் வாங்க வேண்டியதில்லை. கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு செம்பு குடிதண்ணீர் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சோப்பு. மேலுக்குப் போடுகிற சோப்பையே தலைக்கும் போடுகிற அண்ணாச்சிகளுக்குச் சாயம் நிற்காது. தினமும் சீயக்காய் தேய்த்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். வாரம் இரண்டு முறை மிதமான ஷாம்பு போதும். பூசிய பிறகு முதல் இரண்டு நாள் அதுவும் வேண்டாம்.

வெயிலும் அருவியும். பைக்கில் நாள் முழுக்க அலைகிறவர்களின் முன்முடிதான் முதலில் சிவக்கும். சாரல் காலத்தில் வெள்ளிக்கிழமை சாயம் பூசிவிட்டு ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் ஐந்தருவிக்கு அடியில் போய் நிற்பவர்களும் உண்டு. குளித்து முடித்துத் துவட்டிய வெள்ளைத் துண்டோடு என் கடைக்கு வந்து, துண்டைக் காட்டி நியாயம் கேட்டார் ஒருவர். போகிறதாக இருந்தால் போய் வந்த பிறகு பூசுங்கள்.

அம்மோனியா இல்லாத சாயமா? சிலது சீக்கிரமே இறங்கும். பெட்டியில் இத்தனை அலசல் என்று போட்டிருந்தால் அது கழுவக் கழுவப் போகிற ரகம். ஏமாற்று அல்ல, ரகமே அப்படி.

மேலே சொன்ன எதுவும் இல்லையென்றால் முடி ஓட்டை விழுந்த வாளி போல ஆகியிருக்கலாம். நிறம் உள்ளே போகிறது, நிற்பதில்லை. அதற்குக் கீழே வாருங்கள்.

## தேங்காய் நார் மாதிரி ஆகி ஒடிகிறது

தலையைக் கழுவும்போது ஒரு முடியை எடுத்து, ஈரத்தோடு இரண்டு விரல்களுக்கிடையே மெல்ல இழுங்கள். கொஞ்சம் நீண்டு, விட்டதும் பழையபடி சுருங்கினால் நல்ல முடி. மேலோட்டமான வறட்சிதான்; கண்டிஷனரும் எண்ணெயும் மூன்று வாரத்தில் சரிசெய்யும். இழுத்ததும் பட்டென்று அறுந்தாலோ, ஈரத்தில் ரப்பர் மாதிரி நீண்டுகொண்டே போய் அறுந்தாலோ, சாயம், பிளீச், சூட்டுக் கம்பி எல்லாவற்றுக்கும் முழு விடுமுறை. முடியை நேராக்குகிற ஸ்மூத்தனிங் செய்த கையோடு சாயமும் பூசியவர்களிடம் இதை அதிகம் பார்க்கிறேன். இரண்டுக்கும் இடையே குறைந்தது 2 வாரமாவது விட வேண்டும். கெட்ட முடி திரும்ப உயிர்பெறாது. புதியது வளர வளரப் பழையதை வெட்டிக்கொண்டே வர வேண்டும். ஆயிரக்கணக்கில் கேட்டு 'முடியைப் பழையபடி ஆக்குகிறோம்' என்றால் பையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

வேரோடு கொத்துக் கொத்தாக உதிர்ந்தால் அது ஒடிவதல்ல. தோல் மருத்துவரைப் பாருங்கள்.

## பொடி பூசிய தலையில் சாயம் வைத்தால் சூடாகிறது, நிறம் பச்சையாகிறது

சுத்தமான மருதாணி இலைக்கும் கறுப்புச் சாயத்துக்கும் சண்டை இல்லை. பெயர் தெரியாத பாக்கெட்டில் வருகிற, உலோக உப்பு கலந்த பொடிகளும், 'தினம் தடவினால் மெல்ல மெல்லக் கறுக்கும்' வகைத் திரவங்களும்தான் பிரச்சினை. அவை பெராக்சைடைச் சந்தித்தால் சூடேறும், புகையே வருவதுண்டு. தலை சுடுகிறது என்று தெரிந்த நொடியே அலசுங்கள்.

பூசும் முன்பு சோதிக்க, சீப்பில் வந்த முடியைச் சுருட்டிக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, சாயத்தையும் டெவலப்பரையும் கொஞ்சம் கலந்து அதன் மேல் விட்டு அரை மணி நேரம் கவனியுங்கள். கொதித்தாலோ, கிண்ணம் சூடானாலோ, கெட்ட வாடை வந்தாலோ, அந்த முடி வெட்டப்படும்வரை பெராக்சைடு அதன் பக்கம் வரக் கூடாது. பார்லருக்குப் போனாலும் என்ன பொடி போட்டீர்கள் என்பதை மறைக்காதீர்கள். வெட்கப்பட்டு மறைத்த ஒருவரின் பின்னந்தலையில் ஆவி கிளம்பியதைப் பார்த்த பிறகு, நான் சோதிக்காமல் கலப்பதே இல்லை.

## நெற்றியில் கறை, காதில் கறை, மீசையில் தகராறு

கறை புதிதென்றால் பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு வட்டமாகத் தேய்த்து, 10 நிமிடம் விட்டுச் சோப்பு நுரையால் துடையுங்கள். பழையதென்றால் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். தோலின் மேல்பரப்பு உரியும்போது அதுவும் போய்விடும். பெட்ரோல், பிளீச்சிங் பவுடர், பாத்திரம் தேய்க்கிற நார் எல்லாம் வேண்டாம். கல்யாண வீட்டு வாசலில் சந்தனம் கொடுக்க நிற்க வேண்டிய அண்ணாச்சி ஒருவர், கறையை நாரால் தேய்த்துவிட்டு நெற்றி முழுக்கச் சிராய்ப்போடு வந்தார். சந்தனம் வைத்தால் எரிகிறது, வைக்காவிட்டால் கறை தெரிகிறது. பட்டையாகத் திருநீறு பூசிக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன். பரம வைஷ்ணவர் என்று பிறகுதான் தெரிந்தது.

மீசைக்குத் தலைச்சாயம் வேண்டாம் என்று பல பெட்டிகளிலேயே எழுதியிருக்கும். மீசை, தாடிக்கென்று விற்பதை வாங்கி, அதற்கும் முழங்கையில் சோதித்துவிட்டுப் பூசுங்கள். மீசை தலைமுடியைவிட முரடு, தோல் தலையைவிட மென்மை. நிமிடக் கணக்கு அதன் தாளில் தனியாக இருக்கும். புருவத்துக்கு எந்தச் சாயமும் கூடாது. கண்ணுக்குள் வழிந்தால் பார்வைக்கே ஆபத்து. வழிந்துவிட்டால் குழாயடியில் 15 நிமிடம் விடாமல் கழுவிக்கொண்டு, நேரே கண் மருத்துவமனைக்குப் போங்கள். புருவத்துக்குச் சாயம் பூசச் சொல்லி எத்தனை பேர் கெஞ்சினாலும் என் கடையில் கிடையாது. புருவப் பென்சில் எதிர்க்கடையில் கிடைக்கிறது. சாயங்காலம் முகம் கழுவினால் போய்விடும்.